வீட்டு லானுக்கு எவ்ளோ மெனக்கெடணும்?

நியூ ஜெர்ஸில தனி வீடு வாங்குற நம்மாளுங்க நிறைய பேர் அதுக்கு முன்னாடி அபார்ட்மென்ட்லயோ டவுன்ஹவுஸ்லயோ இருந்தவங்க. அங்கெல்லாம் புல்லு வெட்டுறது யாரோ பார்த்துக்குற வேலை, தனி வீடுன்னு வந்ததும் சாவியோட சேர்த்து ஒரு நாலாயிரம் அஞ்சாயிரம் சதுர அடி புல்லும் நம்ம தலையில வந்து விழுது. மார்ச்ல பனி உருகின உடனே வருஷத்துக்கு அஞ்சு ஆறு ரவுண்டு ட்ரீட்மென்ட்னு பேக்கேஜ் விக்க ஆள் கதவைத் தட்டுறாங்க, பக்கத்து வீட்டுல சனிக்கிழமை காலைலயே மோவர் சத்தம் கேக்க ஆரம்பிச்சுடும், வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் வாரம் ரெண்டு தடவை வெட்டணும்பார் இன்னொருத்தர் தண்ணி தினமும் விடணும்பார், புதுசா வீடு வாங்கினவங்க பாவம் எல்லாத்தையும் செஞ்சு பார்த்து ஜூலைல புல்லு காஞ்சதும் மனசு உடைஞ்சு போயிடுறாங்க.

என்னைக் கேட்டா, எவ்ளோ வேலை செய்றோம்ங்கிறதை விட எந்த மாசத்துல செய்றோம், எந்த உயரத்துல வெட்டுறோம், எந்த இடத்துல புல்லே வேண்டாம்னு விடுறோம் இந்த மூணும்தான் முக்கியம். செப்டம்பர்ல ஒழுங்கா செய்ற வேலைக்கு இருக்குற பலன் ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் மாங்கு மாங்குன்னு செஞ்சாலும் கிடைக்காது. அது ஏன்னு கொஞ்சம் விவரமா எழுதுறேன்.

முதல்ல இந்த ஒரே பச்சையா, ஒரே உயரமா, ஒரு களை கூட இல்லாம இருக்கணும்ங்கிற எதிர்பார்ப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா மனசு கொஞ்சம் லேசாகும். புல்லு வெட்டுற மெஷினை 1830ல இங்கிலாந்துல ஸ்ட்ரவுட்ங்கிற ஊர்ல எட்வின் பட்டிங்னு ஒருத்தர் கண்டுபிடிச்சாரு, கம்பளித் துணி ஆலையில துணி மேல இருக்குற பிசிறை வெட்டுற மெஷினைப் பார்த்து செஞ்சது அது. அதுக்கு முன்னாடி ஆடு மேயணும், இல்ல ஆளுங்க அரிவாளால அறுக்கணும், அதனால லான்ங்கிறது பெரிய பிரபுக்கள் வீட்டு சமாச்சாரமாவே இருந்துச்சு. அமெரிக்காவுல அதை சாதாரண குடும்பத்து வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்ததுல 1947ல லாங் ஐலண்ட்ல கட்ட ஆரம்பிச்ச லெவிட்டவுனுக்கு பெரிய பங்கு இருக்கு, 17,000 வீட்டுக்கு மேல ஒரே அச்சுல கட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் புல்லு போட்டுக் கொடுத்து, சீசன்ல வாராவாரம் வெட்டணும்னு பத்திரத்துலயே எழுதி வெச்சாங்க. இன்னைக்கு ஹெச்.ஓ.ஏ. (குடியிருப்புல விதி போடுற வீட்டுக்காரங்க சங்கம்) கடுதாசி அனுப்புற பழக்கத்துக்கு வேர் அங்க எல்லாம்தான் இருக்கு.

க்ளோவர் விஷயம் இன்னும் சுவாரசியம். வெள்ளைப் பூ பூக்குற அந்த சின்ன மூணு இலைச் செடியை இன்னைக்கு களைன்னு சொல்றோம்ல, 1940கள் வரைக்கும் புல் விதை மிக்ஸ்ல அதையும் சேர்த்துத்தான் வித்தாங்க, ஏன்னா அதோட வேர்ல இருக்குற பாக்டீரியா காத்துல இருக்குற நைட்ரஜனை மண்ணுக்கு எடுத்துக் கொடுக்கும், பக்கத்துல இருக்குற புல்லுக்கு சும்மாவே உரம். 1945ல 2,4-டிங்கிற களைக்கொல்லி கடைக்கு வந்துச்சு, அது புல்லை விட்டுட்டு அகல இலைச் செடி எல்லாத்தையும் கொல்லும், டான்டலயன்ங்கிற மஞ்சப்பூ களையோட சேர்ந்து க்ளோவரும் செத்துச்சு. மருந்துகிட்ட இருந்து காப்பாத்த முடியாத செடின்னு ஆனதுக்கு அப்புறம்தான் அது களை லிஸ்ட்ல சேர்ந்துச்சு, அது போன இடத்துக்கு மூட்டை மூட்டையா நைட்ரஜன் வாங்கிப் போட வேண்டியதாச்சு. என் லான்ல க்ளோவர் இருக்கு, அதை எடுக்கச் சொல்லி யாராவது சொன்னா எடுக்க மாட்டேன்.

இப்படி வளர்ந்து வளர்ந்து இன்னைக்கு எவ்ளோ இருக்குன்னா, 2005ல நாசா ஆராய்ச்சி மையத்துல இருந்த கிறிஸ்டினா மிலேசியும் அவங்க கூட இருந்தவங்களும் சாட்டிலைட் படத்தை வெச்சு போட்ட கணக்குல அமெரிக்காவுல புல்தரை மட்டும் சுமார் 1,63,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு மொத்தமே 1,30,000தான். பாசனம் பண்ணி வளக்குற சோளத்தை விட மூணு மடங்கு பரப்பு, சாப்பிட முடியாத ஒண்ணுக்கு.

சரி வேலைக்கு வருவோம். எல்லாத்துக்கும் முன்னாடி உங்க வீட்டுல இருக்குறது என்ன புல்லுன்னு தெரியணும். டெக்ஸாஸ், ஜார்ஜியா பக்கம் இருக்குறவங்க வீட்டுல பெர்முடா, சொய்சியா, செயின்ட் அகஸ்டின் மாதிரி வெயில் புல்லு இருக்கும் (பெர்முடா வேற ஒண்ணும் இல்ல, நம்ம பிள்ளையாருக்கு வெக்கிற அருகம்புல்லேதான்), அது கோடைல கொழுகொழுன்னு வளரும், குளிர்ல பழுப்பாயிடும். நியூ ஜெர்ஸி, பென்சில்வேனியா, ஒஹாயோ, இல்லினாய் பக்கம் இருக்குறது குளிர் புல்லு: கென்டக்கி ப்ளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, பெரெனியல் ரை. பேர்ல கென்டக்கி இருக்கே தவிர ப்ளூகிராஸ் ஐரோப்பால இருந்து வந்தது. இதெல்லாம் ஏப்ரல் மே மாசமும் செப்டம்பர் அக்டோபர் மாசமும்தான் நல்லா வளரும், வெயில் 85, 90 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினா வளர்ச்சியை நிறுத்திடும், தண்ணி இல்லேன்னா இலையைக் காயவிட்டுட்டு அடில இருக்குற குருத்தை மட்டும் உயிரோட வெச்சுக்கிட்டு தூங்கப் போயிடும். ஜூலைல பழுப்பா தெரியுற ப்ளூகிராஸ் பெரும்பாலும் சாகல, மழை வந்ததும் எந்திரிக்கும். இது தெரியாம அந்த நேரத்துல உரம் போட்டு, தண்ணி ஊத்தி, மருந்தடிச்சு எழுப்பப் பார்க்குறதுலதான் நம்ம காசும் சனி ஞாயிறும் வீணாகுது. அதனால டெக்ஸாஸ்ல இருக்குற மச்சான் சொல்ற அட்டவணை நியூ ஜெர்ஸி எடிசன்ல இருக்குற உங்களுக்கு உதவாது, மாசமே தலைகீழா இருக்கும். இதுக்கு மேல நான் சொல்றது எல்லாம் குளிர் புல்லுக்கு.

வெட்டுறதுதான் லான்ல அதிக நேரம் தின்னுற வேலை, அதிகமா தப்பா நடக்குறதும் அதுதான். ஒட்ட வெட்டிட்டா அடுத்த தடவை வெட்ட நாள் ஆகும்னு நினைச்சு மோவரை ரெண்டாவது நாட்ச்ல வெச்சு மொட்டை அடிச்சுடுறாங்க, நடக்குறது அதுக்கு நேர் எதிர். புல்லோட சாப்பாடு இலையில தயாராகுது, இலையை மொத்தமா எடுத்துட்டா வேர்ல இருக்குற சேமிப்பை எடுத்து அவசர அவசரமா புது இலை விடும், வேர் ஆழமா போகாது, மண்ணுல வெயில் நேரா விழும், அந்த சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் காத்துக்கிட்டு இருக்குற க்ராப்கிராஸ்ங்கிற களையோட விதை முளைச்சுடும். மூணு மூணரை இன்ச் உயரத்துல விட்டா புல்லே மண்ணுக்கு நிழல் கொடுத்து பாதி களையை வராம பண்ணிடும், தண்ணியும் குறைவா போதும். ஒரு தடவை வெட்டும்போது மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்கக் கூடாதுங்கிறது பழைய விதி, அப்படின்னா மூணு இன்ச் வேணும்னா நாலரை இன்ச் வரும்போது வெட்டினா போதும். மே மாசத்துல அது வாரம் ஒரு தடவை வரும், மழை அதிகமா இருந்தா அஞ்சு நாள்லயே வரும், ஜூலை ஆகஸ்ட்ல மூணு வாரம் தொடாம விட்டாலும் ஒண்ணும் ஆகாது. சனிக்கிழமை ஆச்சேன்னு வெட்டாம புல்லைப் பார்த்து வெட்டினாலே வருஷத்துல நிறைய சனிக்கிழமை மிச்சமாகும்.

வெட்டின புல்லை பையில பிடிச்சு மூட்டை கட்டி ரோட்டோரம் வெக்கிறதையும் இன்னையோட விட்டுடுங்க. அதுல எண்பது சதவீதம் தண்ணி, சீக்கிரமே மக்கிடும், அடியில நார் மாதிரி சேருற தாட்ச் இதனால வர்றது இல்ல. புல்லுக்கு வருஷத்துக்குத் தேவையான நைட்ரஜன்ல கால் பங்கு வரைக்கும் இதுலயே கிடைச்சுடும். ப்ளேடை மட்டும் வருஷத்துக்கு ரெண்டு தடவை சாணை பிடிங்க, மழுங்கின ப்ளேடு புல்லை வெட்டாம கிழிக்கும், நுனி வெள்ளையா பிஞ்சு மொத்த லானும் சாம்பல் பூத்த மாதிரி தெரியும், ஜனங்க அதை நோய்னு நினைச்சு மருந்து வாங்கப் போறாங்க. பேட்டரி மோவர் இந்த அளவு இடத்துக்கு தாராளமா போதும்.

கொஞ்சம் தள்ளித் தள்ளி வெட்டுறதுல இன்னொரு நல்லதும் இருக்கு. மாசசூசெட்ஸ்ல ஸ்ப்ரிங்ஃபீல்டுல 16 வீட்டு லானை வாரம் ஒரு தடவை, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு பிரிச்சு வெட்டிப் பார்த்து 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, சூசன்னா லெர்மன் குழு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டின இடத்துல டான்டலயன், க்ளோவர் பூ ரெண்டரை மடங்கு இருந்துச்சு, ஆனா தேனீங்க அதிகமா வந்தது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டின லானுக்கு. புல்லு ரொம்ப உயரமானா பூ உள்ள மறைஞ்சுடுது போல. மே மாசம் முழுக்க வெட்டவே கூடாதுன்னு 2019ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச இயக்கம் இங்கயும் சில ஊர்ல வந்துச்சு, அந்த ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனா குளிர் புல்லு மே மாசத்துல ஒரு அடி வளர்ந்துடும், ஜூன் ஒண்ணாந்தேதி அதை மூணு இன்ச்சுக்கு இறக்கினா புல்லுக்கு மரண அடி. புல்லு ரொம்ப வேகமா வளராத நாள்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைங்கிறது தேனீக்கும் நல்லது நமக்கும் வேலை பாதி.

தண்ணி. வளர்ற காலத்துல புல்லுக்கு வாரத்துக்கு ஒரு இன்ச் தேவைன்னு எல்லாரும் சொல்வாங்க, மழையையும் சேர்த்துத்தான் அந்த ஒரு இன்ச். ஆயிரம் சதுர அடிக்கு ஒரு இன்ச்னா 623 காலன், அஞ்சாயிரம் சதுர அடிக்கு 3,100 காலன் தாண்டும், அதாவது ஒரு வாரத்துக்கு கிட்டத்தட்ட பன்னெண்டாயிரம் லிட்டர், நம்ம ஊர்ல ஒரு லாரி தண்ணி. சென்னைல 2019 கோடைல குடத்தோட லாரிக்கு நின்னவங்க நம்ம வீட்டுலயே இருக்காங்க, அவங்க முன்னாடி மழை பெய்யும்போதும் ஸ்ப்ரிங்க்ளர் ஓடிக்கிட்டு இருந்தா எனக்கு வயித்தைப் பிசையும். அமெரிக்காவுல வீடுங்களோட தோட்டத்துக்கும் லானுக்கும் மட்டும் ஒரு நாளைக்கு சுமார் 900 கோடி காலன் போகுது, அதுல பாதி வரைக்கும் காத்துலயும் ரோட்டுலயும் வீணாகுதுன்னு சுற்றுச்சூழல் துறையே சொல்லுது.

குளிர் புல்லை கோடைல தூங்க விட்டா இதுல பெரும்பகுதி மிச்சம். ரொம்ப நாள் மழையே இல்லேன்னா மூணு வாரத்துக்கு ஒரு தடவை அரை இன்ச் விடுங்க, பச்சை வராது, குருத்து சாகாது, அது போதும். பச்சையாவே இருக்கணும்னு முடிவு பண்ணினா விடியற்காலைல, வாரம் ரெண்டே தடவை, ஆழமா விடுங்க, ஒரு காலி டூனா டப்பாவை புல்லு மேல வெச்சு எவ்ளோ நேரத்துல அரை இன்ச் நிறையுதுன்னு பார்த்துக்கங்க. தினமும் பத்து நிமிஷம்ங்கிறது வேரை மேலாகவே வெச்சிருக்கும். ராத்திரி விட்டா இலை விடிய விடிய ஈரமா இருந்து டால் ஃபெஸ்க்யூல பிரவுன் பேட்ச் பூஞ்சை வட்ட வட்டமா வரும், அப்புறம் அதுக்கு ஒரு மருந்து. பாதி செலவு இப்படி ஒரு தப்புக்கு இன்னொரு பரிகாரமாத்தான் வருது.

உரத்துல நியூ ஜெர்ஸி சட்டமே நமக்கு நல்ல வழிகாட்டி. பார்னகாட் வளைகுடால நைட்ரஜன் சேர்ந்து பாசி பெருகி மீன் நண்டு எல்லாம் பாதிச்சதால 2011ல கொண்டு வந்த சட்டம் அது: நவம்பர் 15ல இருந்து மார்ச் 1 வரைக்கும் வீட்டுக்காரங்க லானுக்கு உரம் போடக் கூடாது, மண் டெஸ்ட்ல தேவைன்னு வந்தா ஒழிய பாஸ்பரஸ் கூடாது (புதுசா விதை போடும்போது மட்டும் விலக்கு), ஆயிரம் சதுர அடிக்கு ஒரு தடவைக்கு 0.9 பவுண்டு, வருஷத்துக்கு 3.2 பவுண்டு நைட்ரஜன், அதுக்கு மேல கூடாது. மூட்டை மேல இருக்குற மூணு நம்பர்ல முதல் நம்பர்தான் நைட்ரஜன் சதவீதம். 25-0-10ன்னு போட்டிருந்தா கால் பங்கு நைட்ரஜன், அஞ்சாயிரம் சதுர அடிக்கு 4.5 பவுண்டு நைட்ரஜன்தான் உச்சவரம்பு, அதுக்கு 18 பவுண்டு உரம் போதும். நிறைய பேர் மூட்டையை முழுசா கொட்டி முடிச்சுடுவோம்னு கொட்டிடுறாங்க.

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை, செப்டம்பர்ல போட்டா சாதாரண லானுக்குப் போதும், இன்னும் கொஞ்சம் அடர்த்தி வேணும்னா அக்டோபர் கடைசில ரெண்டாவது. அந்த நேரத்துல போடுற உரம் வேருக்கும் புது கிளைக்கும் போகும். ஏப்ரல்ல போட்டா எல்லாம் இலையாத்தான் வரும், ஏற்கனவே காடு மாதிரி வளர்ற மாசத்துல இன்னும் வேகமா வளரும், இன்னும் அடிக்கடி வெட்டணும், அந்தப் பிஞ்சு இலை ஜூன்ல முதல்ல நோய்ல விழும். ஆறு ரவுண்டு பேக்கேஜ்ல எனக்கு இருக்குற வருத்தம் இதுதான், அதுல பாதி ரவுண்டு நமக்கு வேலையைக் கூட்டுதே தவிர குறைக்கல. எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தோட மண் டெஸ்ட் லேபுக்கு ஒரு சாம்பிள் அனுப்புங்க, இங்க மண்ணு பெரும்பாலும் புளிப்பு, பி.ஹெச். ஆறுக்குக் கீழ இருந்தா போடுற உரத்தை வேர் சரியா எடுக்காது, சுண்ணாம்பு எவ்ளோ போடணும்னு ரிப்போர்ட்லயே வரும்.

விதை போடுறதுக்கும் அதே செப்டம்பர்தான். ஆகஸ்ட் கடைசில இருந்து செப்டம்பர் இறுதிக்குள்ள ஏரேட்டரை வாடகைக்கு எடுத்து மண்ணுல ஓட்டை போட்டு விதை தூவினா மண்ணு இன்னும் சூடா இருக்கும், காத்து குளுந்திருக்கும், களை புதுசா முளைக்கிறதும் குறைவு. ரை அஞ்சு முதல் பத்து நாள்ல முளைக்கும், டால் ஃபெஸ்க்யூ ரெண்டு வாரத்துக்குள்ள, ப்ளூகிராஸுக்கு நாலு வாரம் வரைக்கும் பொறுமை வேணும். வருஷம் முழுக்க தினமும் தண்ணி விடத் தகுந்த நேரம்னா அந்த சில வாரம்தான். டால் ஃபெஸ்க்யூ பக்கவாட்டுல அவ்ளோவா பரவாது, அதனால சொட்டை விழுந்த இடத்துல விதை போட்டுத்தான் ஆகணும், ப்ளூகிராஸ் தரைக்கடியில தண்டு ஓடி தானே மூடிக்கும். க்ராப்கிராஸ் முளைக்காம தடுக்குற ப்ரீ-எமர்ஜென்ட் மருந்தை போர்சித்தியாங்கிற புதர் மஞ்சளா பூத்து முடியுற நேரத்துல போடணும்பாங்க, மண்ணு சூடு 55 டிகிரி தாண்டுற சமயம் அது. ஆனா அது புல் விதையையும் முளைக்க விடாது, அதனால வசந்த காலத்துல மருந்தும் விதையும் ஒண்ணா போட்டு ஏமாறாதீங்க. செப்டம்பர்ல அடர்த்தியா விதைச்சு உயரமா வெட்டினா ரெண்டு மூணு வருஷத்துல அந்த மருந்துக்கே அவசியம் பெரும்பாலும் போயிடும்.

மண்புழு மாதிரி இல்லாம வெள்ளையா சுருண்டு கிடக்குற க்ரப் புழுவுக்கும் பயமுறுத்தி மருந்து விப்பாங்க. அது ஜப்பானிய வண்டோட குஞ்சு, அமெரிக்காவுல முதன்முதலா 1916ல இதே நியூ ஜெர்ஸில ரிவர்ட்டன் பக்கம்தான் கண்டுபிடிச்சாங்க. ஆகஸ்ட் செப்டம்பர்ல ஒரு சதுர அடி புல்லைப் பெயர்த்துப் பாருங்க, நாலு அஞ்சு புழு இருந்தா ஆரோக்கியமான லான் தாங்கும், பத்துக்கு மேல போனா மட்டும் யோசிக்கலாம்.

இனி எங்க புல்லே வேண்டாம்ங்கிறது. பெரிய மேப்பிள் மரத்தடியில வெயில் படாது, வேர் எல்லாத் தண்ணியையும் குடிச்சுடும், அங்க வருஷா வருஷம் விதை போட்டு வருஷா வருஷம் சாகக் கொடுக்குறவங்களை பார்த்துக்கிட்டே இருக்கேன், மல்ச் (மண்ணை மூடுற மரச் சீவல்) போட்டு நிழல்ல வளர்ற ஹோஸ்டாவோ ஃபெர்னோ வெச்சுட்டா முடிஞ்சுது. மோவர் வழுக்குற சரிவு, வேலிக்கும் ஷெட்டுக்கும் நடுவுல இருக்குற ரெண்டடி சந்து, டிரைவ்வேக்கு அந்தப் பக்கம் யாரும் கால் வெக்காத துண்டு, இதெல்லாம் மோ பண்ணும்போது மட்டும்தான் நாம போற இடம். லாஸ் வேகாஸ் பக்கம் கொலராடோ ஆத்துத் தண்ணி குறைஞ்சதும் நெவாடா மாநிலம் 2021ல இந்த யோசனையையே சட்டமாக்கிடுச்சு, ஆபீஸ் வாசல்லயும் ரோடு நடுவுலயும் அழகுக்கு மட்டும் இருக்குற புல்லுக்கு 2026 முடிஞ்சதும் அந்தத் தண்ணி கிடையாது, தனி வீட்டு லானைத் தொடல. நாம நியூ ஜெர்ஸில அவ்ளோ தூரம் போக வேணாம், பிள்ளைங்க ஓடுற இடம், நாற்காலி போட்டு உக்கார்ற இடம் இதுக்கு மட்டும் நல்ல புல்லு வெச்சுக்கிட்டு மிச்சத்தை பூச்செடிக்கோ புதருக்கோ விட்டாலே மோ பண்ற பரப்பு பாதியாயிடும். பேக்யார்ட்ல வெயில் அடிக்கிற மூலை இருந்தா கத்தரி, வெண்டை, அவரை, புடலை எல்லாம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அமோகமா வரும், ஊர்ல இருந்து வர்ற அப்பா அம்மாவுக்கும் அது பிடிச்ச வேலை.

ஆனா முன்பக்கத்துல கை வெக்கிறதுக்கு முன்னாடி டவுன்ஷிப் விதியையும் ஹெச்.ஓ.ஏ. விதியையும் படிச்சுடுங்க. நிறைய ஊர்ல புல்லு எட்டு இல்ல பத்து இன்ச் தாண்டினா நோட்டீஸ் வரும். ஃப்ளோரிடால டனிடின்ங்கிற ஊர்ல புல்லு வளர்ந்ததுக்கு ஒரு வீட்டுக்காரருக்கு நாளைக்கு 500 டாலர்னு போட்டு கிட்டத்தட்ட 30,000 டாலர் அபராதம் ஏறி, கேஸ் கோர்ட் வரைக்கும் போச்சு. இன்னொரு பக்கம் சட்டம் நமக்கு சாதகமாவும் மாறிக்கிட்டு இருக்கு: மேரிலாந்துல 2021ல வந்த சட்டப்படி புல்தரைதான் போடணும்னு ஹெச்.ஓ.ஏ. கட்டாயப்படுத்த முடியாது, டெக்ஸாஸ்ல 2013ல இருந்து தண்ணி கம்மியா கேக்குற செடிங்களை ஹெச்.ஓ.ஏ. மொத்தமா தடுக்க முடியாது, ஃப்ளோரிடால 2019ல இருந்து வீட்டு முன்னாடி காய்கறி போடுறதை ஊர் நிர்வாகம் தடை பண்ண முடியாது. கம்யூனிட்டில இருக்குறவங்க என்ன செடி எங்க வெக்கப் போறோம்னு ஒரு சின்ன வரைபடத்தோட முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிட்டா பின்னாடி சண்டை இருக்காது, ஓரத்தை செங்கல்லோ கல்லோ வெச்சு சுத்தமா கட்டிட்டா பக்கத்து வீட்டுக்காரங்களும் பெருசா ஒண்ணும் சொல்றது இல்ல.

நவம்பர்ல விழுற இலையையும் வாரி மூட்டை கட்ட வேணாம், மோவரை அது மேல ரெண்டு தடவை ஓட்டிப் பொடியாக்கினா புல்லுக்குள்ள இறங்கிடும், புல்லே தெரியாத அளவுக்கு மூடியிருந்தா மட்டும் கொஞ்சம் வாரி செடிங்களுக்கு அடியில போடுங்க. உடம்பு ஒத்துழைக்காது, நேரமும் இல்ல, ஆள் வெச்சேதான் ஆகணும்னா வருஷ பேக்கேஜ் எடுக்காம செப்டம்பர் ஏரேஷன், விதை, ஒரு உரம் இதுக்கு மட்டும் விலை கேளுங்க, வெட்டுறதுக்கு தனியா ஆள் வெச்சா மூணரை இன்ச் உயரத்துல வெட்டச் சொல்லி முதல் நாளே பேசிடுங்க, ஜூலை ஆகஸ்ட்ல கூப்பிட்டா மட்டும் வந்தா போதும்னும் சேர்த்துச் சொல்லுங்க.